பூனையை முதன்முதலாக கிளினிக்குக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு

பூனைகளை மட்டும் பார்க்கும் கிளினிக்கில் ஒரு பூனைக்குக் கிடைக்கும் நேரம் இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி. அதில் பாதி நேரம் பூனையைக் கூண்டிலிருந்து வெளியே வரவைப்பதிலேயே போய்விடுவதை அங்கே வேலை பார்க்கிறவர்கள் அன்றாடம் பார்க்கிறோம். மீதி நேரத்தில், ‘எப்போதிலிருந்து சாப்பிடவில்லை?’ என்று மருத்துவர் கேட்டால் வீட்டார் இரண்டு பேரும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். வலியை மறைப்பது பூனையின் பிறவிக் குணம். பயம் வந்துவிட்டால் இன்னும் இறுகிக்கொள்ளும். ஆகவே அந்த அரை மணி உருப்படியாகக் கழியுமா என்பது பெரும்பாலும் வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. முதலில் வீட்டு வேலையைப் பார்ப்போம், அப்புறம் கிளினிக்.

கூண்டு

கூண்டு வாங்கும்போது அழகைப் பார்க்காதீர்கள். மேல்பாதி தனியாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் கொக்கிகள் இருக்கும் கெட்டியான பிளாஸ்டிக் கூண்டுதான் நல்லது. கொக்கியைத் தட்டி மேல்மூடியைத் தூக்கிவிட்டால், பூனை தன் படுக்கையிலேயே உட்கார்ந்திருக்க, மருத்துவர் அங்கேயே வைத்துப் பார்த்துவிடுவார். ஜிப் வைத்த துணிப்பை தூக்க வசதிதான். ஆனால் பயந்த பூனை அதன் மூலையில் நகத்தை மாட்டிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. இரண்டு பூனை இருந்தால் இரண்டு கூண்டு வேண்டும். வீட்டில் கட்டிப்பிடித்துத் தூங்குகிற பூனைகள்கூட பயத்தில் ஒன்றையொன்று கடித்துவிடும்.

பெரும்பாலான வீடுகளில் கூண்டு பரணிலோ கட்டிலுக்கடியிலோ கிடக்கும். கிளினிக்குக்குப் போகும் நாளில்தான் வெளியே வரும். பூனைக்குக் கணக்கு தெரியாமல் இல்லை; கூண்டு வந்தால் ஊசி வரும் என்று ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும். இதற்கு மாற்று, கூண்டைக் கூடத்திலேயே நிரந்தரமாக வைத்துவிடுவது. கதவைக் கழற்றிவிட்டு, உள்ளே பூனை படுத்துப் பழகிய துணியைப் போடுங்கள். தினமும் அதற்குப் பிடித்த தீனியில் கொஞ்சத்தை முதலில் வாசலிலும், சில நாள் கழித்து நடுவிலும், பிறகு உள்கோடியிலும் வையுங்கள். தானாகப் போய்த் தூங்க ஆரம்பித்த பிறகு கதவை மாட்டி, ஒரு நிமிடம் சாத்தித் திறங்கள். அடுத்து தூக்கிக்கொண்டு அறைக்குள் ஒரு சுற்று. அதற்கப்புறம் வண்டியில் வைத்து, எங்கும் போகாமல் இறக்கிவிடுங்கள். சில பூனைகளுக்கு ஒரு வாரம் போதும், சிலவற்றுக்கு இரண்டு மாதம் ஆகும். அவசரப்பட்டால் முதல் படிக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

பூனை கன்னத்தைத் தேய்க்கும்போது விடும் வாசனைப் பொருளைச் செயற்கையாகச் செய்து ஸ்ப்ரேயாக விற்கிறார்கள். அதைக் கூண்டுத் துணியில் அடித்து, கால் மணி நேரம் விட்டு அதிலுள்ள ஆல்கஹால் வாடை போன பிறகு பூனையை உள்ளே விடுங்கள். பூனையின் மேல் அடிக்கக் கூடாது. எல்லாப் பூனைக்கும் இது வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழக்கிய கூண்டுதான் முதல் மருந்து, ஸ்ப்ரே அதற்குத் துணை.

பழக்க நேரமில்லை, இன்றே போயாக வேண்டும் என்றால், ஒளிந்துகொள்ள இடமில்லாத சின்ன அறைக்குள் பூனையை முதலில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். குளியலறை சரியாக இருக்கும். கூண்டை வாசல் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்து, பூனையைத் துண்டால் சுற்றி எடுத்து, பின்னங்கால் முதலில் இறங்கும்படி உள்ளே விடுங்கள். முகத்தை முன்னால் வைத்துத் தள்ளினால் நான்கு காலையும் விரித்து வாசலில் அண்டக்கொடுத்து நின்றுவிடும். அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி முயற்சி செய்ய மாட்டார்கள்.

போன தடவை சீறிக் கடித்து ரகளை செய்த பூனை என்றால், நேரம் குறிக்க போன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கிளம்புவதற்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்னால் வீட்டிலேயே கொடுக்க, கேபபென்டின் போன்ற பதற்றம் குறைக்கும் மருந்தை மருத்துவர் எழுதித் தருவதுண்டு. அளவை அவர்தான் சொல்ல வேண்டும். கொடுத்தால் பூனை கொஞ்சம் தள்ளாடும், அது இயல்பு. திரும்பி வந்த பிறகும் சில மணி நேரம் உயரமான அலமாரிப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

என்னென்ன குறித்து வைப்பது

‘ரெண்டு நாளா டல்லா இருக்கு’ என்பதுதான் நாங்கள் அதிகம் கேட்கும் வாக்கியம். அதை வைத்துக்கொண்டு மருத்துவர் எந்தப் பக்கமும் போக முடியாது. கீழே சொல்பவற்றில் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறிப்பது போல மலிவான, பயனுள்ள பரிசோதனை வேறில்லை. 4 கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் ரோமத்துக்கடியில் அது கண்ணுக்குத் தெரியாது. குட்டிகளைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

அடுத்து தண்ணீர். கிண்ணத்தில் அளந்து ஊற்றி, மறுநாள் மீதியை அளந்தால் கணக்கு வந்துவிடும். பூனையின் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது நோயின் அறிகுறி. சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டிவரும். ஈர உணவு சாப்பிடும் பூனை தண்ணீர்க் கிண்ணத்தைத் தொடாமல்கூட இருக்கும். அதனால் அளவைவிட மாற்றத்தைக் கவனியுங்கள். மணல் பெட்டியில் நாளுக்கு எத்தனை சிறுநீர்க் கட்டி விழுகிறது, அவை பெரிதாகின்றனவா, சிறுத்துவிட்டனவா என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

மூச்சு வேகத்தைப் பூனை நன்றாகத் தூங்கும்போது எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி நிலையாக இருந்தால் காத்திருக்காமல் போன் செய்யுங்கள். கிளினிக்கில் எண்ணினால் பயத்தில் எப்படியும் கூடுதலாகத்தான் வரும். வீட்டு எண்ணிக்கைக்கு உள்ள மதிப்பு அதற்குக் கிடையாது.

எல்லாவற்றையும்விட உதவுவது செல்போன் வீடியோ. வீட்டில் நொண்டுகிற பூனை மருத்துவரின் மேஜைமேல் ஒரு அடி எடுத்து வைக்காது. இருமல் அதைவிட மோசம். ‘முடி உருண்டையைக் கக்கப் பார்க்கிறது’ என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். வீடியோவைப் பார்த்தால் பூனை பதுங்கி உட்கார்ந்து, கழுத்தைத் தரையோடு நீட்டி, கக் கக் என்று இழுத்து, கடைசியில் எச்சிலை விழுங்கிவிட்டு எழுந்து போகும். கீழே எதுவும் விழுந்திருக்காது. அடிக்கடி இப்படி நடந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். மணல் பெட்டியில் முக்குவதையும் வீடியோ எடுங்கள். மலச்சிக்கலா, சிறுநீர் வரவில்லையா என்று வீட்டார் குழம்புவது சகஜம். இரண்டாவது உயிர் போகும் விஷயம், கடைசியில் அதற்கு வருகிறேன்.

இவற்றோடு, கொடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளின் அட்டை, தீனிப் பொட்டலத்தின் படம், பழைய தடுப்பூசிப் புத்தகம், முடிந்தால் அன்று காலை போட்ட மலம் கொஞ்சம் மூடிய டப்பாவில். சாதாரணப் பரிசோதனைக்கு முழுப் பட்டினி போட வேண்டாம். லேசான பசியோடு வந்தால் மேஜைமேல் கொடுக்கும் தீனிக்கு மயங்கும். குட்டிக்கும் சர்க்கரை நோயுள்ள பூனைக்கும் கிளினிக் சொல்லாமல் சாப்பாட்டை நிறுத்தவே கூடாது.

காத்திருக்கும் இடம்

கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி பயம் குறையும். உயரத்தில் இருந்தால்தான் பூனைக்குத் தெம்பு. பூனை கிளினிக்குகளில் இதற்கென்றே நாற்காலிகளுக்கு நடுவே மேடை வைத்திருப்பார்கள். கூண்டின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, வாசல் உங்கள் பக்கம் பார்க்கும்படி வையுங்கள். பக்கத்து கூண்டுப் பூனைக்கு ‘ஹலோ சொல்லட்டும்’ என்று நேருக்கு நேர் திருப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனிதர்களுக்குத்தான் அது மரியாதை, பூனைக்கு அது சண்டைக்கு அழைப்பு.

கிளினிக் எப்படிப்பட்டது என்பதைக் காத்திருக்கும் இடத்திலேயே மதிப்பிடலாம். ஆட்கள் தணிந்த குரலில் பேசுகிறார்களா, ஒரு பூனையைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு அடுத்ததைத் தொடுகிறார்களா, நாய்களும் வரும் இடம் என்றால் பூனைகளுக்குத் தனி மூலையாவது இருக்கிறதா என்று பாருங்கள். பூனைகளுக்கு ஏற்ற கிளினிக் என்று சான்று கொடுக்கும் திட்டத்தைப் இன்டர்நேஷனல் கேட் கேர் என்ற சர்வதேசப் பூனை நல அமைப்பு நடத்துகிறது. சான்று இல்லாத இடம் மோசம் என்று பொருளில்லை. இருந்தால் ஒரு கேள்வி குறையும், அவ்வளவுதான்.

அறைக்குள் நடப்பது

உள்ளே போனதும் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, மருத்துவர் உங்களிடம் கதை கேட்க ஆரம்பிப்பார். பூனையைத் திரும்பியே பார்க்க மாட்டார். ‘காசு கொடுத்து வந்திருக்கிறோம், பேசிக்கொண்டே இருக்கிறாரே’ என்று சிலருக்குப் பொறுமை போய்விடும். அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பூனை தானாக வெளியே வருகிறதா, எப்படி நடக்கிறது, குதிக்கும் முன் தயங்குகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் கை வைத்துவிட்டால் தெரியாமல் போகிற விஷயங்கள்.

பூனை வெளியே வரவில்லை என்றால் கூண்டைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டியதில்லை. மேல்மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் துண்டை விரித்து, துண்டுக்கடியில் கையை விட்டுப் பரிசோதனை நடக்கும். தலை மறைந்திருந்தால் பல பூனைகள் உடம்பைப் பார்க்க விட்டுவிடும். பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குவது பழைய முறை. தாய்ப்பூனை அப்படித்தானே தூக்குகிறது என்பார்கள். அது சில வாரக் குட்டிக்குப் பொருந்தும். வளர்ந்த பூனையிடம் பயத்தைக் கூட்டுவதால் பூனை மருத்துவ அமைப்புகள் இன்று அதை வேண்டாம் என்கின்றன. உங்கள் பூனையை யாராவது அப்படித் தூக்கினால் ‘துண்டு வைத்துப் பிடிக்கலாமா?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வயதான பூனை என்றால் மற்ற எதற்கும் முன்னால் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஐந்து, பத்து நிமிடம் அமைதியாக விட்டுவிட்டு, முன்னங்காலிலோ வாலடியிலோ சின்னப் பட்டையைச் சுற்றி, ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைப்பார்கள். பூனை அந்த இரைச்சலுக்கு மிரளாமல் இருக்க எங்கள் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொள்வோம். ஒரு அளவை நம்ப மாட்டார்கள், பலமுறை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். பயத்தால் ஏறியதல்ல என்று உறுதியாகி, மேல் அளவு 160-க்கு மேலேயே நின்றால் கவனிக்க வேண்டும். சிறுநீரக நோயோடும் தைராய்டோடும் சேர்ந்து வரும் இந்த அழுத்தம், ஒரே இரவில் பார்வையைப் பறித்துவிடக்கூடியது.

அப்புறம் எடை. உடல்வாகை 9 புள்ளி அளவுகோலில் குறிப்பார்கள், 5 சரியான நிலை. விலா எலும்பு லேசாகக் கையில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். வாயைத் திறந்து 30 பற்களையும் பார்க்க முயல்வார்கள், எல்லாப் பூனையும் அந்த அனுமதியைத் தருவதில்லை. கழுத்தைத் தடவுவது தைராய்டுக்காக. பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய பூனைகளில்தான் அது அதிகமாகச் சுரக்கும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது, இரவெல்லாம் கத்துகிறது என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். வயிற்றை அழுத்தி சிறுநீரகத்தின் அளவையும் மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

இதயத்தைக் கேட்கும்போது ஒரு வேடிக்கையான சிக்கல் வரும். பூனை குர்ர்ர் என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் ஸ்டெதஸ்கோப்பில் வேறெதுவும் கேட்காது. பக்கத்துக் குழாயைத் திறந்துவிடுவோம், தண்ணீர்ச் சத்தத்துக்கு ஒரு கணம் நிறுத்தும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை மூக்கருகே காட்டினால் நிறுத்தும். அந்தச் சத்தம் வந்தால் பூனை சந்தோஷமாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வலியிலும் பயத்திலும்கூட அப்படிச் செய்யும். காய்ச்சல் பார்ப்பது மலவாய் வழியாகத்தான், அதனால் கடைசியில் வைத்துக்கொள்வார்கள். பூனைக்கு 38.1 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. நம் கணக்கில் அது காய்ச்சல்தான். அதைப் பார்த்துப் பதறிப்போகிறவர்கள் உண்டு.

இந்த நேரத்தில் உங்கள் வேலை சும்மா இருப்பது. பூனையின் முகத்தருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். பயந்த பூனை கடித்தால் காயம் சின்னதாகத் தெரியும், ஆழம் அதிகம், கை வீங்கிவிடும். ‘ஷ்ஷ்ஷ்’ என்று சமாதானப்படுத்துவதும் வேண்டாம், அது பூனையின் காதில் சீறலாகத்தான் விழும்.

ரத்தம், சிறுநீர்

ரத்தம் கழுத்திலிருந்தோ காலிலிருந்தோ எடுப்பார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் முடி வழிப்பார்கள், வளர்ந்துவிடும். பயத்திலேயே பூனைக்கு ரத்தச் சர்க்கரை எகிறும். அதனால் ஒரு தடவை கூடுதலாக வந்ததை வைத்து மட்டும் நல்ல மருத்துவர் இன்சுலினை ஆரம்பிக்க மாட்டார். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார், கடந்த சில வாரங்களின் போக்கைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையும் கேட்பார். ‘எதற்கு இன்னொரு டெஸ்ட்?’ என்று தோன்றினால் காரணம் இதுதான்.

சிறுநீரை வயிற்றின் வழியாக ஊசி விட்டு மூத்திரப்பையிலிருந்து நேராக எடுப்பார்கள். கேட்கவே பயமாக இருக்கும். ஊசி மெல்லியது, சில நொடிகளில் முடிந்துவிடும், பல பூனைகள் ரத்தம் எடுப்பதற்குக் காட்டும் எதிர்ப்பைக்கூடக் காட்டாது. கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க இதுதான் சுத்தமான வழி. மற்றபடி ஈரத்தை உறிஞ்சாத மணிகளை மணலுக்குப் பதில் பெட்டியில் போட்டு வீட்டிலேயே பிடித்து வரலாம். ரத்தத்தையும் சிறுநீரையும் சேர்த்தே கேட்பதற்குக் காரணம் உண்டு. சிறுநீரகம் தன் திறனில் பெரும்பகுதியை, ஏறக்குறைய முக்கால்வாசியை, இழந்த பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு தெளிவாக ஏறும். சிறுநீர் நீர்த்துப்போவது அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஊசி அட்டவணை

இது கிளினிக்கில் கொடுக்கும் புத்தகத்திலேயே இருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று முக்கிய நோய்களுக்கான தடுப்பூசி (பேன்லுகோபீனியா, ஹெர்ப்பிஸ், காலிசி) 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரமாவது ஆகும் வரை போக வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆரம்ப ஊசிகளைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதால் கடைசி ஊசிதான் முக்கியம். ‘ரெண்டு போட்டாச்சே’ என்று நிறுத்திவிடாதீர்கள். ரேபீஸ் ஊசி 12 வார அளவில், உங்கள் ஊர்ச் சட்டப்படி. குடற்புழு மருந்து எடைக்கு ஏற்ப கொடுக்க வேண்டும். மலவாயருகே அரிசி போல ஒட்டிக்கொண்டிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சி வழியாக வருவதால் இரண்டுக்கும் சேர்த்து மருந்து போடாவிட்டால் திரும்ப வரும்.

ஊசியைக் காலின் கீழ்ப்பகுதியில் போடுவதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். மிக அரிதாக ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவதுண்டு. காலில் வந்தால் சிகிச்சைக்கு வழியிருக்கும். ஊசிக்குப் பின் வரும் சின்ன வீக்கம் தானே கரையும். 3 மாதம் கழித்தும் இருந்தால், 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால், அல்லது 1 மாதத்துக்குப் பிறகும் பெருத்துக்கொண்டே போனால் காட்டிவிடுங்கள். ஓரிரு நாள் சோர்வு பரவாயில்லை. முகம் வீங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே திரும்பி வாருங்கள்.

கருத்தடை நாள்

ஐந்து மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது. பெட்டைக் குட்டி நான்கு மாதத்திலேயே சினைபிடிக்கலாம், ‘இன்னும் குழந்தைதானே’ என்று தள்ளிப்போட்டவர்கள் குட்டிகளோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை மணி நேரம் பட்டினி என்பதைக் கிளினிக் சொல்லும். குட்டிகளுக்கு அது சில மணி நேரம்தான், சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் இரவு முழுக்கக் காயப்போடக் கூடாது.

காலையில் ஒப்படைத்ததும் பரிசோதித்து, முன்மருந்து கொடுத்து, காலில் ஊசிக்குழாய் போட்டு மயக்குவார்கள். மயக்கத்தில் பூனையின் கண் மூடாது, காய்ந்துபோகாமல் இருக்கக் கண்ணில் களிம்பு போடுவோம். மாலையில் வாங்கும்போது கண் பிசுபிசுப்பாக இருந்தால் அதுதான். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால் அடியில் வெப்ப விரிப்பு இருக்கும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டச் சொல்வார்கள். முதல் மணி நேரம் பின்பக்கமாகவே நடக்கும், சுவரில் முட்டும். பாவம் பார்த்துக் கழற்றினால் ஒரே இரவில் தையலைப் பிரித்துவிடும். வலி இருக்கிறதா என்று முகத்திலேயே பார்க்கலாம். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019-ல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. காது, கண், வாய்ப்பகுதி, மீசை, தலை ஐந்தையும் பார்ப்பார்கள். காது பக்கவாட்டில் விலகி, கண் சுருங்கி, மூக்கும் வாயும் இறுகி, மீசை விறைத்து, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் வலிக்கிறது என்று பொருள். போன் செய்யுங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நாம் போடும் பாராசிட்டமால் ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும், அதன் கல்லீரலுக்கு அந்த மருந்தை முறிக்கும் திறன் மிகக் குறைவு.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் இருவரையும் உடனே சேர்க்காதீர்கள். கிளினிக் வாடையோடு வந்த தோழனை அந்நியன் என்று நினைத்துப் பாயும். ஒரு இரவாவது தனி அறை கொடுத்து, இருவரின் படுக்கைத் துணியையும் மாற்றிப் போட்டு, அப்புறம் பார்க்கவிடுங்கள்.

எப்போது போன் செய்வது

பெரும்பாலான கிளினிக்குகளில் காலையில் முதல் வேலை உள்நோயாளிகளைப் பார்ப்பது. உச்சி வரை அறுவை சிகிச்சைகள். ரிசல்ட் கேட்கவும், தங்கியிருக்கும் பூனையைப் பற்றி விசாரிக்கவும் மதியத்துக்கு மேல் போன் செய்தால் மருத்துவரே பேசக் கிடைப்பார். பூனை தங்க நேர்ந்தால் நீங்கள் போட்டிருந்த சட்டை ஒன்றையும் அது சாப்பிடும் தீனியையும் கொடுத்தனுப்புங்கள். கூண்டறைக்குள் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி வைப்போம். பெட்டிக்குள் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் பூனை, பெட்டி இல்லாமல் மணல் தட்டில் சுருண்டு கிடப்பதை நிறையப் பார்க்கலாம்.

மாத்திரை போடுவது

மேஜைமேல், பூனையின் முதுகு உங்கள் வயிற்றில் படும்படி உட்கார வையுங்கள். பின்னால் போக இடமிருக்காது. ஒரு கையின் கட்டைவிரலையும் நடுவிரலையும் கன்ன எலும்பில் வைத்துத் தலையை மேலே நிமிர்த்துங்கள், மீசையை நசுக்காமல். கீழ்த்தாடை தானே தளரும். மறுகையின் ஒரு விரலால் முன்பல்லை அழுத்தி, மாத்திரையை நாக்கின் மேலே, பின்கோடியில், நடுவாகப் போடுங்கள். பக்கவாட்டில் விழுந்தால் துப்பிவிடும். வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது.

வேலை அதோடு முடியவில்லை. உடனே 5 மில்லி தண்ணீரை சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், அல்லது ஒரு வாய் ஈர உணவு. வறண்ட மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே தங்கிவிடும். டாக்சிசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரைகள் அங்கேயே புண்ணாக்கி, குழாயைச் சுருக்கிவிடும். கசப்பு மருந்துக்கு நுரை நுரையாக எச்சில் வடிப்பதைப் பார்த்து விஷமேறிவிட்டது என்று ஓடி வருவார்கள். சில நிமிடத்தில் அடங்கினால் கசப்புதான். கிண்ணம் நிறையச் சாப்பாட்டில் மருந்தைக் கலக்காதீர்கள். பாதியில் எழுந்துபோனால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது, அந்த உணவையே வெறுத்துவிடவும் கூடும்.

விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாதவை

ஆண் பூனை மணல் பெட்டிக்கு மறுபடி மறுபடி போய் முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயத்தை நிறுத்திவிடும். நள்ளிரவானாலும் கிளம்புங்கள். நாய் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், திடீரென்று கத்திக்கொண்டு பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டு ஜில்லென்று ஆனாலும் அப்படியே. பின்னங்கால்கள் இப்படி ஆவது, ரத்தக்கட்டி அடைத்ததன் அடையாளம்.

லில்லிப் பூவை வீட்டிலேயே வைக்காதீர்கள். இலை, பூ, ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்குவது, பூ வைத்த ஜாடித் தண்ணீர் எல்லாமே சிறுநீரகத்தை அழிக்கும். அறிகுறி தெரியும் வரை காத்திருந்தால் நேரம் தாண்டிவிடும். நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்தில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை வரவழைக்கும். பட்டுவிட்டால் போனில் மருத்துவரைப் பிடித்து, அவர் சொல்படி வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பால் அலசிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

சாப்பிடாமல் இருப்பதைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். முழு நாள் எதுவும் தொடாத பூனையை மறுநாள் காட்டிவிட வேண்டும், குண்டுப் பூனை என்றால் இன்னும் சீக்கிரம். சில நாள் பட்டினியில் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து, முதலில் வந்த நோயைவிடப் பெரிய நோயாகிவிடும்.

கிளம்பும் முன் போன் செய்து நான்கு விஷயம் மட்டும் சொல்லுங்கள்: வயது, ஆணா பெண்ணா, என்ன நடந்தது, எப்போது. ஆக்சிஜனோ ஊசிக்குழாயோ தயாராக இருக்கும். விஷம் என்றால் பொட்டலத்தையோ செடியின் கிளையையோ பையில் போட்டு எடுத்து வாருங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வழியில் வாயில் எதையும் ஊற்றவும் வேண்டாம்.